கேலேஅவுட் டிஆர்சி: தாராளமாக நம்பலாம், டெக்கைத் திறந்து படித்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப் லேஅவுட் கற்றுக்கொள்கிறவர்கள், கல்லூரியில் விஎல்எஸ்ஐ ப்ராஜெக்ட் செய்கிறவர்கள், அதிகச் செலவில்லாமல் சொந்தமாக ஒரு சின்ன சிப்பை ஃபேபுக்கு (சிப் தயாரிக்கும் ஆலைக்கு) அனுப்பிப் பார்க்க நினைப்பவர்கள் எல்லாரும் கேலேஅவுட்டை யோசிக்காமல் நிறுவிக்கொள்ளலாம். அதில் உள்ள டிஆர்சி, அதாவது ஃபேப் போட்ட வடிவ விதிகளுக்கு நம் லேஅவுட் கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் சோதனை, உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஓட்டி "பிழை 0" என்று வந்தவுடனே "டிஆர்சி கிளீன்" என்று எழுதி அனுப்பிவிடுகிற பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அந்த 0 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேலேஅவுட் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் கோஃபர்லைன் எழுதிப் பராமரித்து வருகிற கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் உரிமம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். லேஅவுட் பார்ப்பதற்கு இதைவிட வேகமான ஒன்றைக் காசு கொடுத்தாலும் தேட வேண்டும், பெரிய ஜிடிஎஸ் கோப்பைக்கூட (ஃபேபுக்குப் போகிற லேஅவுட் கோப்பு) அலட்டாமல் திறக்கிறது. நான் இங்கே பேசப்போவது அதன் டிஆர்சி எஞ்சினைப் பற்றி மட்டும், அதுவும் ஸ்கைவாட்டர் என்கிற ஃபேபின் 130 நானோமீட்டர் பிடிகேவோடு (விதிகள், லேயர்கள், கருவிக் கோப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) சேர்த்து. எஞ்சினை மட்டும் தனியாக மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. எஞ்சினுக்கு ஒரு விதியும் தெரியாது, டெக் என்கிற ஸ்கிரிப்டில் எழுதியதைத்தான் அது அளந்து பார்க்கும்.

ஸ்கைவாட்டரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2020 வரைக்கும் ஒரு ஃபேபின் விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பொதுவாக ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம் கூகுளும் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கிற ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் பிடிகேவை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டார்கள். போலி (டிரான்சிஸ்டரின் கேட்டாகும் பாலிசிலிக்கான் அடுக்கு) அகலம் குறைந்தபட்சம் 0.15 மைக்ரான், அதற்கு மேலே வரும் லோக்கல் இன்டர்கனெக்ட் 0.17, அதற்கும் மேலே முதல் உலோக அடுக்கான மெட்டல் 1 அகலமும் இடைவெளியும் 0.14, மேலே மெட்டல் 5 வந்தால் 1.6 என்று எல்லாமே பொதுவில் இருக்கிறது. விதிகள் இப்படிக் கண் முன்னால் இருந்தால்தான் ஒரு டிஆர்சி கருவியை வெளிப்படையாக விமர்சிக்கவே முடியும்.

சரி, கருவிக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், டெக்கைப் படிக்க முடிகிறது என்பது. ரூபி மொழியின் மேல் கட்டிய எளிய வடிவம் அது. மெட்டல் 1 அகல விதி ஒரே வரிதான்: எம்1 லேயரை எடு, விட்த் 0.14, யூக்ளிடியன் அளவு, பிழை இருந்தால் "எம்1.1" என்ற பெயரில் அவுட்புட் செய். விதிப் புத்தகத்தில் இருக்கிற அதே எண், அதே பெயர். பிழை வந்தால் பெயரை வைத்துப் புத்தகத்தில் அந்த வரிக்கே போய்விடலாம்.

இன்னும் சுவையான வரி ஒன்று இருக்கிறது. 3 மைக்ரானுக்கு மேல் அகலமான மெட்டல் 1 பட்டைக்குப் பக்கத்தில் 0.14 இடைவெளி போதாது, 0.28 வேண்டும். சரி, எது அகலப் பட்டை என்று கருவிக்கு எப்படித் தெரியும்? டெக்கைத் திறந்து பார்த்தால், எல்லா மெட்டலையும் நாலு பக்கமும் 1.5 மைக்ரான் உள்ளே சுருக்குகிறார்கள். 3 மைக்ரான் வரை அகலமானதெல்லாம் அங்கேயே மறைந்துபோகும். மிச்சமிருப்பதைத் திரும்ப 1.5 விரித்தால் அகலப் பட்டைகள் மட்டும் கையில் நிற்கும், அவற்றுக்கு மட்டும் 0.28 சோதனை. இதை ஒரு தடவை படித்த பிறகு, பவர் ரெயில் பக்கத்தில் சிக்னல் கம்பி ஓடுகிற இடத்தில் ஏன் இவ்வளவு பிழை கொட்டுகிறது என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. வணிகக் கருவிகளில் ஃபேப் தரும் டெக் பல நேரம் பூட்டியே வருவதால் இந்தப் பாடம் அங்கே கிடைக்காது.

இன்னொன்று பாருங்கள். மெட்டல் 1-க்குக் குறைந்தபட்சப் பரப்பு 0.083 சதுர மைக்ரான். 0.14 அகலத்தில் கம்பி போட்டால் கிட்டத்தட்ட 0.6 மைக்ரான் நீளமாவது இருக்க வேண்டும் என்று அர்த்தம். கீழிருந்து மேலே போகிற வயா (இரண்டு மெட்டல் அடுக்குகளை இணைக்கும் துளை) அடுக்கில் நடுவில் ஒரு சின்ன மெட்டல் 1 துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். வயா 0.15, அதைச் சுற்றி மெட்டல் ஒரு திசையில் 0.055-ம் மற்றத் திசையில் 0.085-ம் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் துண்டு 0.26-க்கு 0.32. பெருக்கினால் 0.0832, குறைந்தபட்சத்தை ஒரு மயிரிழையில் தாண்டிப் பாஸ் ஆகிறது, கொஞ்சம் குறைந்தாலும் பிழைதான். இந்த மூன்று விதிகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு அவை வெறும் எண்கள். டெக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறவர்களுக்கு எண்களுக்குள் இருக்கிற உறவு தெரியவரும்.

அளவு முறை என்று ஒன்று இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இரண்டு மெட்டல் செவ்வகங்கள் மூலைவிட்டமாக இருக்கின்றன என்று வையுங்கள், குறுக்கே 0.10 இடைவெளி, நெடுக்கே 0.10. மூலைக்கு மூலை நேராக அளந்தால் 0.141, விதி 0.14, அதனால் யூக்ளிடியன் முறையில் இது பாஸ். ஸ்கொயர் முறையில் தூரம் 0.10 என்று ஆகிவிடும், பிழை. புரொஜெக்‌ஷன் முறையிலோ இரண்டு விளிம்புகள் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால்தான் சோதனையே நடக்கும், மூலைவிட்டமாக இருப்பதை அது கண்டுகொள்ளாது. அதே செவ்வகங்களை இன்னும் நெருக்கி 0.05, 0.05 என்று வைத்தாலும், உண்மைத் தூரம் வெறும் 0.07 ஆன பிறகும், புரொஜெக்‌ஷனில் எழுதிய விதி வாயே திறக்காது. கேலேஅவுட்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் யூக்ளிடியன்தான், ஆகவே பயமில்லை. ஆனால் வேறு எங்கிருந்தோ எடுத்த டெக்கையோ நண்பர் எழுதிய டெக்கையோ ஓட்டும்போது இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். சில விதிகளுக்குப் புரொஜெக்‌ஷன்தான் சரி, அதுவும் உண்மை. எங்கே எது என்பதைத் தெரிந்து போட்டிருக்கிறார்களா என்பதே கேள்வி.

பிழைகளைப் பார்க்கிற மார்க்கர் பிரவுசர் நிம்மதியாக இருக்கிறது. இடது பக்கம் விதி வாரியாகவோ செல் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லேஅவுட் துண்டு) வாரியாகவோ பிரித்துக் காட்டும், ஒன்றைத் தட்டினால் லேஅவுட்டில் நேராக அந்த இடத்துக்குப் போய் எந்த இரண்டு விளிம்புகளுக்கு நடுவே தகராறு என்று கோடு போட்டுக் காட்டும். வேண்டுமென்றே விட்டுவைக்கிற பிழையை வெய்வ்டு என்று குறித்து வைக்கலாம். அறிக்கையைக் கோப்பாகச் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பினால் அவரும் தன் மெஷினில் திறந்து அதே இடத்தைப் பார்க்கலாம். ஒரே ஒரு குறை, திருத்திய பிறகு மார்க்கர் தானாகப் போகாது. மறுபடி ஓட்டினால்தான் போச்சா இல்லையா என்று தெரியும்.

இங்கேதான் மேஜிக் வேறு ரகம். 1980-களில் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவர் மாணவர்களும் தொடங்கிய கருவி, இப்போது டிம் எட்வர்ட்ஸ் பராமரிக்கிறார். அதில் நீங்கள் மெட்டலைப் பூசப் பூசவே பின்னணியில் டிஆர்சி ஓடிக்கொண்டிருக்கும், தப்பான இடத்தில் உடனே வெள்ளைப் புள்ளிகள் வந்து நிற்கும், "டிஆர்சி வொய்" என்று கேட்டால் எந்த விதி என்று சொல்லும். கையால் செல் வரைகிறவர்களுக்கு இந்த வசதிக்கு ஈடு கிடையாது. பழைய முகப்பு, மவுஸ் பட்டன்கள் எல்லாம் வேறு மாதிரி, பழக ஒரு வாரம் முகம் சுளிக்கத்தான் செய்யும், அப்புறம் கை பழகிவிடும். ஆனால் மேஜிக் ஜிடிஎஸ் கோப்பைத் தன்னுடைய உள்வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் பார்க்கிறது. கான்டாக்ட் துளைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல் ஒரு பரப்பாக வைத்துக்கொண்டு, ஜிடிஎஸ் எழுதும்போது துளைகளைத் தானே உருவாக்கும். கேலேஅவுட்டோ கோப்பில் இருக்கிற பலகோணங்களையே நேராக அளக்கிறது. ஃபேபுக்குப் போவது அந்தக் கோப்புதான். அதனால் வரையும்போது மேஜிக், கடைசி ஜிடிஎஸ்ஸின் மேல் கேலேஅவுட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே என் வழக்கம். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மேஜிக்கில் கடைசிச் சோதனை ஓட்டும்போது "டிஆர்சி ஃபுல்" என்ற ஸ்டைலுக்கு மாற்றி, யூக்ளிடியனையும் ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். ஃபாஸ்ட் ஸ்டைல் வேகத்துக்காகச் சில விதிகளை விட்டுவிடும்.

இப்போது அந்த 0 விஷயம். ஸ்கைவாட்டர் பிடிகேவோடு வரும் கேலேஅவுட் டெக்கில் சுவிட்சுகள் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் மட்டத்து விதிகள், அதாவது வெல், டிஃப்யூஷன், போலி எல்லாம் ஃபியோல் என்ற சுவிட்சுக்குக் கீழே. மெட்டலும் வயாவும் பியோல் என்பதற்குக் கீழே. 0.005 மைக்ரான் கட்டத்தில் எல்லாப் புள்ளிகளும் உட்கார்ந்திருக்கின்றனவா என்பது ஆஃப்கிரிட் என்ற தனி சுவிட்ச். கமாண்ட் லைனில் ஓட்டும்போது எதை ட்ரூ என்று கொடுக்கிறீர்களோ அதுதான் ஓடும். கொடுக்காத பகுதி சத்தமில்லாமல் தாண்டிப்போகும், அறிக்கையில் அந்தப் பகுதிக்குப் பிழை எதுவும் இருக்காது. பியோல் மட்டும் ஓட்டிவிட்டு வந்த 0-க்கும் எல்லாவற்றையும் ஓட்டி வந்த 0-க்கும் பிழை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

லேயர் எண்ணும் இதே கதைதான். மெட்டல் 1 என்றால் ஸ்கைவாட்டரில் 68/20. உங்கள் ஜிடிஎஸ்ஸில் வேறு எண்ணில் மெட்டல் இருந்தால் டெக் 68/20-ஐத் திறந்து பார்க்கும், அங்கே ஒன்றுமே இருக்காது, ஒன்றுமே இல்லாத லேயரில் பிழையும் இருக்காது. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆகவே புது டெக்கோ புதுப் பதிப்போ கைக்கு வந்தால் முதலில் ஒரு பிழைச் செல் வரையுங்கள். 0.13 அகலத்தில் ஒரு மெட்டல் 1 கம்பி, 0.20 இடைவெளியில் இரண்டு போலி (விதி 0.21), அளவு தப்பிய ஒரு கான்டாக்ட், கட்டத்தில் உட்காராத ஒரு மூலை, இப்படி உங்களுக்குத் தெரிந்த தப்புகளை எல்லாம் வேண்டுமென்றே போட்டு ஓட்டிப் பாருங்கள். போட்ட தப்பெல்லாம் பிடிபட்டால் அந்த டெக்கை உங்கள் உண்மையான டிசைன் மேல் ஓட்டலாம். பத்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் டேப்அவுட் (டிசைனை ஃபேபுக்கு அனுப்பும் கட்டம்) பக்கம் போகாதீர்கள் என்று என்னிடம் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

மெயின் டெக்கில் இல்லாத சோதனைகளும் இருக்கின்றன. மெட்டல் அடர்த்தி தனி ஸ்கிரிப்ட். வேஃபரை (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டை) மெருகேற்றிச் சமப்படுத்தும்போது மெட்டல் எங்கேயோ குவிந்தும் எங்கேயோ இல்லாமலும் இருந்தால் மேற்பரப்பு மேடு பள்ளமாகிவிடும், அதனால்தான் காலி இடங்களில் டம்மி மெட்டல் நிரப்புகிறார்கள். ஆன்டெனா விதி இன்னொன்று. பிளாஸ்மாவில் மெட்டலைச் செதுக்கும்போது நீளமான கம்பி மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, அது போய்ச் சேருகிற டிரான்சிஸ்டர் கேட்டின் மெல்லிய ஆக்சைடைத் துளைத்துவிடலாம். கம்பியை நடுவில் வெட்டி மேல் மெட்டலுக்கு ஏற்றி இறக்குவதோ, பக்கத்தில் ஒரு டயோடு வைப்பதோ தீர்வு. கேலேஅவுட் எஞ்சினில் ஆன்டெனா சோதனைக்கு வசதி இருக்கிறது, ஆனால் ஓப்பன்லேன் மாதிரியான, டிசைனை லேஅவுட் வரை தானாகக் கொண்டுபோகிற ஃப்ளோவில் அது தனிப் படியாக நடக்கும். டிஆர்சி அறிக்கை சுத்தம் என்பதை வைத்து இதையும் முடித்துவிட்டதாக எண்ணக் கூடாது. இஃபேப்லெஸ் என்ற நிறுவனம் நடத்திய ஷட்டில்களின் (பலருடைய டிசைன்களை ஒன்றாகச் சேர்த்து ஃபேபுக்கு அனுப்புவது) ப்ரீசெக்கில், அதாவது அனுப்புவதற்கு முந்தைய சோதனையில், மேஜிக் டிஆர்சி ஒரு படி, கேலேஅவுட் ஃபியோல் ஒரு படி, பியோல் ஒரு படி, ஆஃப்கிரிட் ஒரு படி, மெட்டல் அடர்த்தி ஒரு படி என்று தனித்தனியாகவே வைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்த வரிசை நல்ல வரிசை, சொந்தமாகச் சோதிக்கிறவர்கள் அப்படியே பின்பற்றலாம்.

வேகம் பற்றி. சின்ன டிசைன் என்றால் எந்த முறையிலும் ஓட்டலாம். பெரிசாகப் பெரிசாக, செல் அடுக்கைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே தளமாக விரிக்கிற ஃபிளாட் முறை மெமரியை விழுங்கும். டீப் முறையில் செல் அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு பார்ப்பதால், ஒரு ஸ்டாண்டர்ட் செல்லுக்குள் இருக்கிற தப்பு ஆயிரம் இடத்தில் ஆயிரம் பிழையாக வராமல் அந்தச் செல்லிலேயே ஒரு பிழையாக வரும். இது பெரிய நிம்மதி. ஆனால் டீப் முறை எல்லா டிசைனிலும் வேகம் என்று சொல்ல மாட்டேன். அடுக்கு ஒழுங்காக இல்லாத, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிற லேஅவுட்டில் டைல் முறையில் துண்டு துண்டாக வெட்டிப் பல த்ரெட்டில் ஓட்டுவது கை கொடுக்கிறது.

டிசைனில் எஸ்ராம் (சிப்புக்குள் இருக்கும் மெமரி) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்கைவாட்டரின் எஸ்ராம் பிட்செல்கள் பொது விதிகளைவிட இறுக்கமான, ஃபேப் தனியாக அனுமதித்த விதிகளில் வரையப்பட்டவை. பொது டெக்கை அவற்றின் மேல் ஓட்டினால் பிழைகள் குவிந்து உங்கள் உண்மையான தப்புகள் அடியில் புதைந்துபோகும். மெமரி மேக்ரோவைத் தவிர்த்துவிட்டு மிச்சத்தை ஒரு முறை, மேக்ரோவின் எல்லையில் உங்கள் கம்பிகள் தொடுகிற இடத்தை ஒரு முறை என்று பிரித்துப் பாருங்கள். எல்லையில் வருகிற பிழை உங்களுடையது, அதை வெய்வ் செய்யக் கூடாது.

குறைகள் வேறு என்ன? ஆவணங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் தெரிந்தவருக்குத் தெரிந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரி எழுதியவை. ஸ்பேஸ், ஐசொலேட்டட், நாட்ச், செபரேஷன் என்று நாலு சொல் இருக்கின்றன, நாலும் இடைவெளிதான். ஒரே வடிவத்தின் உள்வளைவில் பார்ப்பது நாட்ச், ஒரே லேயரில் வேறு வேறு வடிவங்களுக்கு நடுவே ஐசொலேட்டட், அந்த இரண்டும் சேர்ந்தது ஸ்பேஸ், இரண்டு லேயர்களுக்கு நடுவே செபரேஷன். இதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடம், தானாகக் கண்டுபிடித்தால் அரை நாள். தமிழில் இதற்கெல்லாம் ஒரு நல்ல அறிமுகம் வந்தால் நம் ஊர் மாணவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும், எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

காசு கொடுத்து வாங்குகிற காலிபர், ஐசி வேலிடேட்டர், பெகாசஸ் இவற்றோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். 7, 5 நானோமீட்டர் வேலைக்கு ஃபேப்கள் டெக் எழுதித் தருவதே அந்தக் கருவிகளுக்குத்தான், அங்கே கேலேஅவுட்டை யாரும் சைன்-ஆஃபுக்கு (ஃபேபுக்கு அனுப்பும் முன் கடைசி ஒப்புதல் சோதனைக்கு) வைப்பதில்லை, வைக்கவும் முடியாது. மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் இருக்கிற கல்லூரிகளுக்குப் பெங்களூரு சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாக வணிகக் கருவிகள் கிடைக்கின்றன, கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், வேலைக்குப் போகிற இடத்தில் அதைத்தான் கேட்பார்கள். அப்போதும் வீட்டு லேப்டாப்பில் கேலேஅவுட் இருக்கட்டும் என்பேன். விதி ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதுதான் இடம். ஸ்கைவாட்டரோடு நிற்கவில்லை, குளோபல்ஃபவுண்ட்ரீஸின் 180 நானோமீட்டர் பிடிகேவிலும் ஜெர்மனி ஐஎச்பியின் எஸ்ஜி13ஜி2 பிடிகேவிலும் கேலேஅவுட்டுக்கான டெக் சேர்ந்தே வருகிறது. டைனி டேப்அவுட் மாதிரிச் சேர்ந்து அனுப்புகிற முயற்சிகளும் ப்ரீசெக்கில் இதையே ஓட்டுகின்றன.

நிறுவப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. லினக்ஸ் களஞ்சியத்தில் கிடைக்கிற கேலேஅவுட் பல நேரம் பழைய பதிப்பாக இருக்கும், புது டெக் அதில் பாதியில் நின்றுவிடும், ஆகவே கேலேஅவுட் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிடிகேவை சியெல் (பிடிகே பதிப்புகளை இறக்கித் தரும் கருவி) வழியாக இறக்கும்போது நீங்கள் சேரப்போகிற ஷட்டில் எந்தப் பதிப்பைச் சொல்லியிருக்கிறதோ அதே பதிப்பை இறக்குங்கள், அதைவிடப் புதியது கிடைத்தாலும் சரி. டெக் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. உங்கள் மெஷினில் சுத்தமாக வந்த கோப்பு அவர்கள் ப்ரீசெக்கில் பிழையோடு திரும்பி வந்தால் முதலில் இந்தப் பதிப்பு எண்ணைத்தான் பாருங்கள்.